கண்ணைத் திறந்து பேசியவளுக்கு

ஹெப்சி,

போன ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வந்து, சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து அழைப்பிதழ்களை உறையில் போட்டுக்கொண்டிருந்தபோது, தலையை நிமிர்த்தாமலே சொன்னாய்: “அப்பா, ரிசப்ஷன்ல நன்றியுரை நீங்கதான் பேசணும்.” நான் “பார்க்கலாம்” என்றேன். உன் அம்மா சமையலறையிலிருந்தே, “உங்கப்பா பார்க்கலாம்னு சொன்னா மாட்டேன்னு அர்த்தம். வேற ஆளைப் பாரு” என்றாள். நீ சிரித்தாய். உறைகளை அடுக்கிவிட்டு, “நான் வேற ஆளைப் பார்க்கப் போறதில்ல. நீங்க பேசலைன்னா நன்றியுரையே வேண்டாம்” என்று சொல்லி எழுந்து போய்விட்டாய். அன்றிலிருந்து நீ அந்தப் பேச்சை எடுக்கவில்லை. நானும் எடுக்கவில்லை. கல்யாணத்துக்கு இன்னும் சில வாரங்கள்தான் இருக்கின்றன.

பதிலை வாயால் சொல்லியிருக்கலாம். எழுதுவது எனக்கு எப்போதும் எளிது. அதுவும் நம் சபை மாத இதழில் எழுதுகிறேன். இந்த இதழுக்கு இனி எழுதுவதில்லை என்று நான் வைராக்கியமாக இருந்தது உனக்குத் தெரியும். ஒருமுறை என் கட்டுரையைப் பாதியாக வெட்டினார்கள். வெட்டிய செய்தியை அச்சில் பார்த்துத்தான் நான் தெரிந்துகொண்டேன். இந்தக் கடிதத்தில் ஒரு வரியையும் தொடுவதில்லை என்று இப்போது வாக்குக் கொடுத்திருக்கிறார்கள். பார்ப்போம். உன் பெரியப்பா இந்த இதழை அட்டை முதல் அட்டை வரை படிப்பவர் என்பதும் எனக்குத் தெரியும். தெரிந்தேதான் எழுதுகிறேன்.

உனக்கு நான் என்ன பதில் சொல்கிறேன் என்பதை, நீ எம்.பி.ஏ. படித்தபோது உன் வகுப்பில் நடந்த ஒன்றிலிருந்து தொடங்க வேண்டும். வண்டலூர்ப் பக்கத்து அந்தக் கல்லூரியில் உங்களுக்குப் பேச்சுப் பயிற்சி என்று ஒரு வகுப்பு இருந்தது. ஒவ்வொருவரும் எல்லார் முன்னாலும் நின்று பேச வேண்டும். உங்கள் மேடம் அதைப் போனில் படம் பிடித்து உங்களுக்கே அனுப்பிவிடுவார். அடுத்த வாரம் அதே இடத்தில் நின்று, அந்தப் படத்தில் உன்னைப் பற்றி நீ என்ன கண்டாய் என்று சொல்ல வேண்டும். மதிப்பெண் பேசியதற்கு இல்லை, பார்த்துச் சொன்னதற்குத்தான். கேட்டபோது இது என்ன கூத்து என்று நினைத்தேன். நான் எம்.ஏ., எம்.ஃபில். படித்த காலத்தில் ஒருவன் பேசினால் மற்றவர்கள் குறை சொல்வார்கள். அவன் அதை வாழ்நாள் முழுக்க நெஞ்சில் வைத்திருப்பான். அதுதான் முறை.

நீ பேசப் பயப்படுவாய் என்று எனக்குத் தோன்றவே இல்லை. நம் வீட்டில் பிறந்த பிள்ளை பேசப் பயப்படாது. தினமும் எட்டு மணிக்கு டிவியை நிறுத்தி, ஒரு கீர்த்தனை பாடி, ஒரு அதிகாரம் வாசித்து, ஒவ்வொருவராக வாய்விட்டு ஜெபம் செய்கிற வீடு இது. பேச்சு திருந்தாத வயதிலேயே நீ எதிர்வீட்டு நாய்க்குட்டிக்குக் காய்ச்சல் விட வேண்டும் என்று கோவையாக ஜெபம் பண்ணினாய். கடைசியில் என் முறை வரும். என் ஜெபம் நீளம் என்று சபையில் பெயர். எனக்கு வர வேண்டிய பதவி உயர்வைத் தட்டிப் பறித்தவர்களையும் ஆசீர்வதியும், அவர்கள் யாரென்று நீர் அறிவீர் என்பேன். பிறகு, அறியாமல் போய்விடக்கூடாதே என்று பெயர்களையும் சொல்வேன். உன் அம்மா, “ஆண்டவருக்கே உங்க ஆபீஸ் சீனியாரிட்டி லிஸ்ட் மனப்பாடம் ஆயிருக்கும்” என்பாள். நான் அதைப் பொருட்படுத்தியதில்லை. தடங்கலில்லாமல், ஏற்ற இறக்கத்தோடு, கேட்பவர் நெஞ்சைத் தொடும்படி பேசுவது எப்படி என்பதை நீ எந்த வகுப்பிலும் கற்கவில்லை. என் பக்கத்தில் முழங்காலில் நின்று கற்றாய். அந்தப் பெருமை எனக்கு உண்டு.

நீ எடுத்துக்கொண்ட பொருள் நம் ஏரி. அந்தப் படம் இன்னும் என் போனில் இருக்கிறது. “சிட்லபாக்கத்துல ஏரி தெரியுற மாதிரி வீடு வேணும்னு எல்லாரும் தேடித் தேடி வாங்கினாங்க. ஒரு மழைக்கு ஏரியே வந்து எங்க வீட்டைப் பார்த்துட்டுப் போயிடுச்சு” என்று தொடங்கினாய். வகுப்பு சிரித்தது. கட்டில் மேல் ஃபிரிட்ஜை ஏற்றியது, அதன் மேல் உன் சான்றிதழ்ப் பையை வைத்தது, செம்பாக்கம் பக்கமிருந்து தண்ணீர் வருகிறதா நம் ஏரியிலிருந்து வருகிறதா என்று தெருவில் முழங்கால் தண்ணீரில் நின்று ஆண்கள் வாதாடியது எல்லாம் சொன்னாய். வாதாடியவர்களில் நானும் ஒருவன். அதன்பிறகு, மேல் வீட்டுப் பாயும் அவர் மனைவியும் நம்மைக் கூப்பிட்டுத் தங்க வைத்ததைச் சொல்ல வந்தாய். அங்கே உனக்கு வார்த்தை நின்றது. பிறகு வந்தது. கண்கள் மூடின. முகம் மேலே போனது. குரல் இறங்கி, இழுத்து, “அந்த நேரத்துல கதவைத் திறந்து வெச்சவங்களுக்காக... எங்களை ஒரு குறையும் இல்லாம நடத்தினவங்களுக்காக... அவங்க பிள்ளைகளுக்காக...” என்று போய்க்கொண்டே இருந்தாய். கடைசி பெஞ்சிலிருந்து ஒருவன் நிதானமாக “ஆமென்” என்றான். வகுப்பே வெடித்துச் சிரித்தது. நீ கண்ணைத் திறந்து, எங்கே இருக்கிறோம் என்று தெரியாதவள் போல் பார்த்துவிட்டு, வந்து உட்கார்ந்துவிட்டாய்.

அன்று சானடோரியத்தில் ரயிலைவிட்டு இறங்கி நடந்து வந்தவள், செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலில் நின்று போனை என் கையில் கொடுத்தாய். பார்த்து முடித்ததும் எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

“யாரு அவன்? பேரென்ன?”

“எதுக்குப்பா? ஜெபத்துல சேர்க்கவா?”

“விளையாடாத. நாளைக்கு உங்க காலேஜுக்கு வரேன். ஒரு பிள்ளையோட நம்பிக்கையைக் கேலி பண்றதுக்கு இவனுக்கு யார் உரிமை கொடுத்தா? பிரின்சிபாலுக்கு எழுதித் தரேன்.”

“அவன் கேலிதான் பண்ணான். இல்லைன்னு சொல்லல. ஆனா ஏன் அவனுக்கு அப்படித் தோணுச்சுன்னு பாருங்க” என்று சொல்லி, போனைத் திரும்ப வாங்கி, சத்தத்தை முழுக்க நிறுத்திவிட்டு மறுபடி ஓடவிட்டாய். “மேடம் சொன்னாங்க, முதல்ல சத்தம் இல்லாம பார்க்கணுமாம்.”

சத்தம் இல்லாமல் பார்த்தேன். மூடிய கண்களும் கோத்த கைகளுமாக ஒரு பெண் கூரையைப் பார்த்து நிற்கிறாள். முன்னால் உட்கார்ந்திருக்கும் கூட்டத்தோடு அவளுக்கு ஒரு சம்பந்தமும் இல்லை. ஒருவன் போனை எடுத்துப் பார்க்கிறான். இரண்டாவது வரிசையில் ஒரு பெண் மட்டும் தானும் தலையைக் குனிந்துகொண்டாள். அவளும் நம்மைப் போல ஒரு வீட்டிலிருந்து வந்திருக்க வேண்டும். அதற்கப்புறம் நீ போனைக் கவிழ்த்து வைத்து, “இப்ப பார்க்காம கேளுங்க” என்றாய். கேட்டுக்கொண்டிருக்கும்போதே உள்ளேயிருந்து உன் அம்மாவின் குரல் வந்தது. “மணி ஆறுகூட ஆகல, யாரு அதுக்குள்ள ஜெபம் ஆரம்பிச்சது?”

நீ என்னைப் பார்த்தாய். நான் கவிழ்ந்திருந்த போனைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அது உன் குரலில் என் ஜெபம்.

அந்த வாரம் முழுக்க நான் அந்தப் பையனின் பெயரைக் கேட்டுக்கொண்டே இருந்தேன். நீ கடைசி வரை சொல்லவில்லை. காதில் கம்பியை மாட்டிக்கொண்டு திரும்பத் திரும்ப அந்தப் படத்தைப் பார்த்தாய். அடுத்த வாரம் நீ பேசியதை உன் தோழி பிடித்துக் கொடுத்தாள். அதை என்னிடம் காட்டத் தயங்கினாய் என்பதை நான் கவனித்தேன். ஆனாலும் காட்டினாய். உனக்கு முன்னால் பேசியவர்கள் எல்லாரும் என் கை நடுங்குகிறது, ‘ஆக்சுவலி’ என்று அதிகம் சொல்கிறேன், வேகமாகப் பேசுகிறேன் என்று சொல்லி இறங்கியிருந்தார்கள். நீ போய் நின்றாய். “போன வாரம் எல்லாரும் சிரிச்சீங்க. நான் பார்த்தேன், சிரிக்கிற மாதிரிதான் இருந்துச்சு. நான் பேசக் கத்துக்கிட்டது எங்க வீட்டு ஜெபத்துல. அங்க கண்ணை மூடித்தான் பேசுவோம். கேக்குறவங்க முகத்தைப் பார்க்க வேண்டியதே இல்ல. யாரும் குறுக்க பேச மாட்டாங்க. கடைசியில எல்லாரும் ஆமென் சொல்லிடுவாங்க. எங்கப்பா ஜெபம் பண்ணா, அவருக்கு யார் யார் துரோகம் பண்ணாங்கன்னு எங்க தெருவுக்கே தெரிஞ்சுடும்” என்றாய். வகுப்பு மறுபடி சிரித்தது. எனக்குச் சுருக்கென்றது. அதோடு நிறுத்தியிருந்தால் நான் உன் மேலும் ஒரு வருத்தத்தை வைத்திருப்பேன். நீ நிறுத்தவில்லை. “எங்கப்பா மாதிரி பேசுற ஒருத்தரை நான் இதுவரைக்கும் கேட்டதில்ல. ஆனா யார்மேல கோபமோ அவங்க முகத்தைப் பார்த்து அவர் பேசி நான் கேட்டதே இல்ல. நானும் அப்படித்தான் பேசியிருக்கேன்னு இந்த வீடியோவுலதான் தெரிஞ்சுது.”

உங்கள் மேடம் நல்லவர். போன வாரப் பேச்சின் கடைசிப் பகுதியை மட்டும் இன்னொரு முறை சொல் என்றார். நீ கைகளைப் பிரித்துக் கீழே தொங்கவிட்டாய். கடைசி பெஞ்சைப் பார்த்தாய்; உன் தோழியும் போனை அந்தப் பக்கம் திருப்பினாள். அந்தப் பையன்தான் அது என்று எனக்கு அப்போது தெரிந்தது. தாடி வைத்த, ஒல்லியான பையன். அவனைப் பார்த்தே சொன்னாய்: “தண்ணி வந்த அன்னிக்கு எங்க மேல் வீட்டு பாய் கதவைத் திறந்து வெச்சாங்க. எங்களுக்குச் சாப்பாடு போட்டாங்க. தினமும் ஜெபத்துல அவங்களுக்கு நன்றி சொல்லியிருக்கோம். அவங்ககிட்ட ஒரு தடவைகூடச் சொல்லல. இன்னிக்குப் போய்ச் சொல்லப் போறேன்.” இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. அந்தப் பையன் எழுந்து, “சாரி மா, அன்னிக்கு வாய் சும்மா இருக்காம...” என்று இழுத்தான். நீ, “பரவால்ல, உன்னாலதான் மார்க் வந்துச்சு” என்றாய். அவன் உட்பட எல்லாரும் கை தட்டினார்கள்.

சொன்னபடி அன்று சாயந்திரம் மாடிப்படி ஏறிப் போனாய். தண்ணீர் மோட்டார் போடும் நேரத்தைப் பற்றி எனக்கும் பாய்க்கும் மனஸ்தாபம் இருந்த சமயம் அது. நான் கீழே செய்தித்தாளைப் பிரித்து வைத்துக்கொண்டு காதை மேலே வைத்திருந்தேன். “அட, அதுக்கென்னம்மா இப்ப, எவ்ளோ நாளாச்சு” என்று பாயின் மனைவி சொன்னது கேட்டது. நீ இறங்கி வரும்போது கையில் ஒரு பாத்திரத்தில் சேமியாப் பாயசம் இருந்தது. ஒரு தம்ளர் குடித்தேன். பிள்ளைகள் முதல் மதிப்பெண் வாங்கி வரும்போது தகப்பன்மார் தெருவில் சொல்லிக்கொண்டு திரிவார்கள். அன்று எனக்கு அப்படித் திரிய வேண்டும் போலிருந்தது. யாரிடம் போய் என்னவென்று சொல்வது என்று தெரியாததால் சும்மா இருந்துவிட்டேன். இப்போது இந்த இதழ் போகும் வீடுகளுக்கெல்லாம் சொல்கிறேன்.

இனி உன் பெரியப்பா விஷயம். எம்.ஃபில். முடித்த வருடம், அவர் அலுவலராக இருந்த கல்லூரியிலேயே சரித்திரப் பாடத்துக்கு ஆள் எடுத்தார்கள். மாதிரி வகுப்பு எடுக்கச் சொன்னார்கள். எடுத்தேன்; அண்ணனும் பின்னாலிருந்து பார்த்தார். வேலை கிடைக்கவில்லை. எனக்காக அண்ணன் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை. அந்த மாதமே ஒரு கல்யாணப் பந்தியில், இலைக்கு முன்னால் உட்கார்ந்து, சொந்தக்காரர்கள் எல்லாரும் கேட்க, “நல்லாத்தான் பேசினான். கண்ணை மூடிட்டுப் பேசினான். பசங்க எழுந்து போயிருந்தாகூட இவனுக்குத் தெரிஞ்சிருக்காது” என்றார். பந்தியே சிரித்தது. நான் பாதி இலையில் எழுந்து வந்துவிட்டேன். அதன் பிறகு எந்த மேடையிலும் ஏறவில்லை. பிடிக்காத வேலைக்குப் போய், அங்கேயும் எனக்குப் பின்னால் வந்தவர்கள் எனக்கு மேலே ஏறுவதைப் பார்த்துக்கொண்டு, ஜெபத்தில் மட்டும் பேசி வந்தேன். பண்டிகைக்குப் பண்டிகை அண்ணனுக்குக் கைகொடுப்பேன். அதற்கு மேல் பேச்சில்லை. நீ பிறந்ததிலிருந்து பார்த்து வருவது இது. காரணம் மட்டும் உனக்குத் தெரியாது. உன் அம்மாவுக்கே அரைகுறையாகத்தான் தெரியும்.

உன் படத்தைச் சத்தமில்லாமல் பார்த்த அன்றைக்கே, அவர் சொன்னது உண்மை என்று எனக்குத் தெரிந்துவிட்டது. சொன்ன இடம் தவறு என்பதில் எனக்கு இன்றும் மாற்றமில்லை. தம்பியைத் தனியாகக் கூப்பிட்டு, அறைக் கதவைச் சாத்திவிட்டுச் சொல்லியிருந்தால் நான் திருத்திக்கொண்டிருப்பேன் என்றுதான் நினைக்கிறேன். நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை. ஏனென்றால் உன்னை யாரும் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லவில்லை. உன்னைப் பார்த்தும் கூட்டமாகத்தான் சிரித்தார்கள். நீ அதே கூட்டத்துக்குத் திரும்பிப் போய், சிரித்தவன் முகத்தைப் பார்த்து மிச்சத்தைப் பேசி முடித்தாய். நான் எழுந்து வந்த பந்திக்கு இன்னும் திரும்பிப் போகவில்லை. நான் பெற்ற பிள்ளை என்னைவிடப் பெரியவள் என்று ஒரு தகப்பன் ஒப்புக்கொள்வதில் அவமானம் ஒன்றுமில்லை. சொல்லிப் பார்த்தால் இனிப்பாகத்தான் இருக்கிறது.

புது வீட்டுக்குப் போகிறவளுக்குப் புத்தி சொல்ல வேண்டும் என்பார்கள். நான் சொல்வது ஒன்றுதான். அங்கேயும் எட்டு மணிக்கு ஜெபம் நடக்கும். மாப்பிள்ளை உன்னை ஒருநாள் வருத்தப்படுத்துவார். வருத்தப்படுத்தாத ஆள் யாரும் இல்லை. அன்று அவர் பக்கத்தில் முழங்காலில் நின்று, ஆண்டவரே, என்னைப் புரிந்துகொள்ளும் மனதை இவருக்குத் தாரும் என்று அவர் காதில் விழும்படி ஜெபம் பண்ணாதே. அதில் நான் கைதேர்ந்தவன். அந்த ஜெபத்துக்கு உன் அம்மா ஒருநாளும் ஆமென் சொன்னதில்லை. அவரிடம் சொல்ல வேண்டியதை அவரிடமே, அவர் முகத்தைப் பார்த்துச் சொல். அவர் குறுக்கே பேசுவார். பேசட்டும்.

நேற்று நீயும் அம்மாவும் ரவிக்கை வாங்கிவரக் குரோம்பேட்டை போயிருந்தபோது, நான் என் போனைக் குக்கர் மேல் சாய்த்து வைத்து, கூடத்தில் நின்று நன்றியுரை சொல்லிப் பார்த்தேன். உங்கள் மேடம் சொன்னபடி சத்தமில்லாமல் பார்த்தேன். ஜெபத்துக்குக் கழற்றுவது போலவே கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப் பையில் போடுகிறேன். இரண்டாவது வாக்கியத்தில் கண்கள் மூடிவிடுகின்றன. மறுபடி நின்றேன். இந்த முறை கண்ணைத் திறந்து வைத்திருந்தேன், ஆனால் பேசியது முழுக்க ஃபிரிட்ஜைப் பார்த்து. அதற்குள் தொட்டிக்கு வால்வைத் திருப்பச் சொல்ல வந்த மேல் வீட்டுப் பாய் வாசலில் நின்று எட்டிப் பார்த்தார்.

“இன்னா சார், யாராண்ட பேசிகினு கீறீங்க?”

“கல்யாணத்துக்கு நன்றியுரை, பாய். பழகிட்டிருக்கேன்.”

“ஆளே இல்லாம எப்டி சார் பழகுவீங்க? நான் குந்தறேன், சொல்லுங்க” என்று நாற்காலியை இழுத்துப் போட்டு எதிரில் உட்கார்ந்துவிட்டார். கண்ணாடியை மாட்டிக்கொண்டேன். ஒரு மனிதன் முகத்தை அவ்வளவு கிட்டத்தில் பார்த்துக்கொண்டு பேசுவது இத்தனை கஷ்டமென்று எனக்குத் தெரியாது. எழுதி வைத்திருந்ததை விட்டுவிட்டு, “பாய், அந்த மழையில நீங்க எங்களுக்குக் கதவைத் திறந்து வெச்சீங்க. நான் உங்ககிட்ட அதைச் சொன்னதே இல்ல” என்றேன். “பாப்பா எப்பவோ சொல்லிடுச்சு சார்” என்றார். பிறகு, “பரவால்ல, நீங்களும் சொல்லுங்க” என்றார்.

ஆகவே நான் பேசுகிறேன். கண்ணாடி போட்டுக்கொண்டுதான் பேசுவேன். சுருக்கமாகப் பேசுவேன் என்று மட்டும் என்னால் வாக்குக் கொடுக்க முடியாது. மேடையின் ஓரத்தில் நீ நிற்பாய். என் கண் மூடுவது போலத் தெரிந்தால் லேசாக இருமு. உட்காரும் ஏற்பாடெல்லாம் உன் கையில் இருப்பதால் இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். பெரியப்பாவை முதல் வரிசையில், நடுவில் உட்கார வை. நன்றி சொல்ல வேண்டியவர்களில் அவரும் ஒருவர். அவர் பெயர் வரும் இடத்தில் நான் அவர் முகத்தைப் பார்த்தாக வேண்டும்.

உன் அப்பா